ஒரு கன்டெய்னர் அரிசியா, கூட்டுறவுக் கடைச் சீட்டா?

காவிரிப் படுகையில் யாருக்குப் பசி என்று கேட்டாலும் முதலில் நகர்வது அரிசி மூட்டைதான். கல்யாண மண்டபத்தில் ஒரு மூலை ஒதுக்கி, வீட்டுக்கு ஐந்து கிலோ, ஆலைக்குப் பத்து மூட்டை என்று சேர்த்துவிடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் லாரி லாரியாக அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அதில் பாதி பெருஞ்சாலை ஓரத்து ஊர்களோடு நின்றுவிட்டதும், உள்ளே தள்ளியிருந்த ஊர்கள் கையை நீட்டிக்கொண்டே இருந்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரம் குவிந்து மழையில் நனைந்த பழந்துணியையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

உள்ளூருக்கே இந்தப் பாடு என்றால் கடல் தாண்டி அனுப்புவதற்கு இன்னும் யோசிக்க வேண்டும். 2022இல் இலங்கையில் நடந்ததைப் போல ஒரு நாடு சோற்றுக்குத் திண்டாடும்போது, டெல்டாவில் உள்ள ஒரு வணிகர் சங்கமோ ஆலை உரிமையாளர்களோ ஊர்க்குழுவோ உதவ நினைத்தால் என்னென்ன வழிகள், எது எப்போது பொருந்தும் என்பதுதான் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு முழுக் கன்டெய்னருக்குக் குறைவாக அரிசி அனுப்புவது எந்தக் கணக்கிலும் தேறாது. பத்து இருபது கன்டெய்னர் அளவுக்குச் சேர்ந்தால் அரசு வழியில் போய்விடுவது நல்லது. நடுவில் இருக்கிறவர்களுக்கு அங்கேயே வாங்கிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் சரியான வழி. "பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம், பதில் அங்கிருக்கும் கடையைப் பொறுத்தது.

சரக்கு இல்லையா, காசு இல்லையா?

இலங்கையில் இரண்டும் சேர்ந்தே வந்தன. 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். அதை அடுத்து வந்த பெரும்போக (பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும் நெல்) விளைச்சல் சரிந்தது. இன்னொரு பக்கம் டாலர் தீர்ந்து, 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பால்மா (பால் பவுடர்), எரிவாயு, மண்ணெண்ணெய் என்று இறக்குமதியில் ஓடிக்கொண்டிருந்தவை கடையிலிருந்து காணாமல் போயின. அரிசி அப்படிக் காணாமல் போகவில்லை. கடையில் இருந்தது, விலைதான் எட்டவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் உணவு விலைவாசி முந்தைய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. 63 லட்சம் பேருக்குப் போதுமான உணவு உறுதியாக இல்லை என்று ஐ.நா.வின் உணவு அமைப்புகள் கணக்கிட்டன.

ஆகவே ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் உள்ள மளிகைக்காரர்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நாட்டரிசி இன்று கிலோ என்ன விலை? போன மாதம் என்ன விலை? நாளைக்கு நூறு மூட்டை கேட்டால் தருவீர்களா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். "காசு போடுங்கள், நாளை மறுநாள் இறக்குகிறேன்" என்று சொன்னால் சரக்கு இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு இங்கிருந்து அரிசி ஏற்றுவது திருவாரூருக்கே நெல் கொண்டுபோய் விற்பது போல. "எனக்கே பத்து மூட்டைதான் வருகிறது" என்றால் கப்பலைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எதில் சமைக்கிறார்கள்? சிலிண்டரும் மண்ணெண்ணெயும் இல்லாத இடத்தில் மோட்டாப் புழுங்கல் அரிசி வேக முக்கால் மணி நேரம் விறகு கேட்கும். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நெருக்கடி மிகக் கடுமையாக இருந்தது. ஆனால் அங்கே காலை, இரவு என்று பெரும்பாலும் ஓடுவது கோதுமை மா ரொட்டி. நம் பொன்மணி அரிசி போய்ச் சேர்ந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்தான். இருந்தாலும் அவர்கள் கேட்டது அதுவல்ல.

அரிசியாக அனுப்பினால்

இருபதடிக் கன்டெய்னர் ஒன்றில் சுமார் 25 டன் ஏறும், 50 கிலோ மூட்டையில் 500. ஆலையில் புழுங்கல் அரிசிக்கு 68 சதவீதம் தேறும் என்ற அரசுக் கணக்கை வைத்தால் இதற்கு ஏறத்தாழ 37 டன் நெல் வேண்டும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில் 920. ஏக்கருக்கு 2 டன் என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு ஏக்கர் விளைச்சல் முழுவதும் ஒரே பெட்டிக்குள் போய்விடும்.

இது எத்தனை பேருக்கு வரும்? நிவாரண அமைப்புகள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று கணக்கு வைக்கின்றன. வழக்கமான படி: 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், 50 கிராம் சத்துமாவு, 15 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு. நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 48 கிலோ அரிசி என்றால் ஒரு கன்டெய்னர் 520 குடும்பத்துக்கு ஒரு மாதம் காணும். ஆனால் அரிசி மட்டும் போனால் 2,100இல் 1,400தான் கிடைக்கும். மீதிக்கு அதே குடும்பத்துக்கு 7.2 கிலோ பருப்பு, 3 கிலோ எண்ணெய், 6 கிலோ சத்துமாவு எல்லாம் வேண்டும். டெல்டாக்காரர்கள் அரிசியோடு நின்றுவிடுவது வழக்கம். அரிசி கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பருப்பை இங்கேயே கடையில்தானே வாங்க வேண்டியிருக்கிறது. எடையில் ஆறில் ஒரு பங்குகூட வராத பருப்பும் எண்ணெயும்தான் குழந்தைகளின் தட்டில் வித்தியாசத்தைக் காட்டும்.

அரிசி கெடுவது கப்பலில் என்று நினைப்பார்கள். கெடுதல் ஆலை முற்றத்திலேயே தொடங்கிவிடுகிறது. குறுவை அறுவடை மழையோடு வரும். ஈர நெல்லை அவசரத்தில் அவித்துக் காயவைத்துக் குத்தினால் அரிசியில் ஈரம் 15, 16 சதவீதம் என்று நிற்கும். இங்கே சாக்கில் இருக்கும்வரை காற்றாடிக்கொண்டிருப்பதால் ஒன்றும் தெரியாது. இரும்புப் பெட்டிக்குள் அடைத்த பிறகுதான் வேலையைக் காட்டும். பகல் வெயிலில் பெட்டி கொதிக்கும்போது அரிசியிலிருந்து ஈரம் ஆவியாகிக் கூரைக்கு ஏறும். இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அது சொட்டுச் சொட்டாக மேல் மூட்டைகள்மேல் விழும். தினமும் இது நடக்கும். துறைமுகத்தில் ஒரு மாதம் கிடந்தால் மேல் இரண்டு அடுக்கு மூட்டையும் கட்டி பிடித்து, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் கண்டிருக்கும். அந்த வாடை கீழ் அடுக்குக்கும் இறங்கும்.

எனவே ஈரமானியில் 14க்கு மேல் காட்டும் அரிசியை ஏற்றக் கூடாது. 13 இருந்தால் நிம்மதி. குத்தூசி போட்டு மாதிரி எடுக்கும்போது வெளியே தெரியும் மூட்டையில் மட்டும் குத்தாமல் அடுக்கின் நடு வரிசையிலிருந்தும் நாலைந்து மூட்டையை இழுத்துப் பார்க்க வேண்டும், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். நொய் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அரசுக் கொள்முதலில் புழுங்கலுக்கு உள்ள அளவு, அதையே பிடித்துக்கொள்ளலாம். பல ஆலை அரிசியைக் கலக்கவே கூடாது. ஏடிடி 43 ரகமும் பொன்மணி ரகமும் ஒரே பானையில் போனால் ஒன்று குழையும்போது மற்றது விறைத்து நிற்கும்.

பெட்டியையும் சோதிக்க வேண்டும். காலிக் கன்டெய்னருக்குள் ஒருவர் நின்றுகொள்ள, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். உள்ளே எங்காவது ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். வெளிச்சம் வரும் வழியில் மழையும் வரும். முன்பு மீன், தோல், ரசாயனம் ஏற்றிய பெட்டியை மூக்கே சொல்லிவிடும், அரிசி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். தரைக்கும் பக்கத்துக்கும் தடித்த பழுப்புக் காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கச் சுவர்களில் தொங்கவிட்டு, மேலே கையளவு இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். வண்டுக்குப் புகைபோடுவதை உரிமம் உள்ளவரே செய்ய வேண்டும். மருந்து வைத்து மூடிய பிறகு ஐந்து முதல் ஏழு நாள் திறக்கக் கூடாது. கப்பல் நாளை என்று அவசரப்பட்டு இரண்டாம் நாளே பிரித்தால் பூச்சி சாகும், முட்டை சாகாது. கொழும்பில் திறக்கும்போது புதுப் பூச்சி பறக்கும்.

இனிக் காகிதம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், தாவர நலச் சான்றிதழ், புகைபோட்ட சான்றிதழ், விலை குறித்த பட்டியல் எல்லாம் இங்கே கிடைப்பவை. இலவசமாகக் கொடுக்கும் சரக்குக்கும் சுங்கத்துக்காக விலை எழுதியாக வேண்டும், பூஜ்யம் போட்டால் நிறுத்திவிடுவார்கள். சிக்கல் அக்கரையில் இருக்கிறது. வாங்கிக்கொள்பவர் யார், அவர் பெயரில் வரிவிலக்கு உத்தரவு வந்துவிட்டதா? அரிசி இறக்குமதிக்கு இலங்கை உரிமம் கேட்ட காலங்கள் உண்டு. இந்த உத்தரவு கையில் வராமல் கப்பல் கிளம்பினால் இலவச நாட்கள் தீர்ந்ததும் துறைமுக வாடகை ஏறத் தொடங்கும். வசூல் செய்த பணமெல்லாம் அங்கே போன சம்பவங்கள் நிவாரண உலகில் புதிதல்ல. இந்தியப் பக்கமும் கதவு மூடலாம். 2023 ஜூலை 20இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அடுத்த மாதமே புழுங்கலுக்கு 20 சதவீத வரி வந்தது. தடை விலக 2024 செப்டம்பர் கடைசி ஆனது. அந்தப் பதினான்கு மாதங்களில் வெளிநாட்டு உணவுத் தேவைக்காக வெள்ளை அரிசி போனதெல்லாம் மத்திய அரசின் தனி அனுமதியில்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிய அது பயணிகள் கப்பல். சொந்தக்காரருக்கு ஒரு பை கொண்டுபோகலாம், நிவாரணத்துக்கு ஆகாது. கன்டெய்னர் என்றால் தூத்துக்குடிதான், தஞ்சாவூரிலிருந்து சுமார் முந்நூறு கிலோமீட்டர் லாரி வாடகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்குக் குறைந்த சரக்கைப் பிறர் சரக்கோடு கலந்து ஏற்றலாம். ஆனால் கிலோவுக்கு ஆகும் செலவு ஏறிவிடும், பக்கத்தில் சோப்பு வருமா கருவாடு வருமா என்பதும் நம் கையில் இல்லை.

அரசு வழி

2022 ஏப்ரல் 29இல், இலங்கைக்கு நிவாரணம் அனுப்ப மத்திய அரசிடம் அனுமதி கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. மே 18இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்தோடு கிளம்பியது. பத்தொன்பது நாள். மொத்தம் 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர் என்று திட்டம். தனியார் எவரும் இந்த வேகத்தில் இந்த அளவை அசைக்க முடியாது. வரிவிலக்கு, உரிமம், கப்பல் எல்லாம் இரண்டு அரசுகளுக்குள் முடிந்துவிடும்.

ஆனால் எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 40,000 டன்னை இலங்கையின் 2 கோடியே 20 லட்சம் பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு இரண்டு கிலோகூட வராது, நான்கரை நாள் சோறு. அந்த 63 லட்சம் பேருக்கு மட்டும் என்றால் பதினாறு நாள். ஆக, பெரிய அரிசியிலும் யாருக்கு என்ற பட்டியல்தான் விஷயம். அந்தப் பட்டியல் அக்கரை நிர்வாகத்திடம் இருக்கும், நம் சங்கத்திடம் இருக்காது. எந்த ஊருக்கு, யாருக்கு என்று நமக்கு ஒரு விருப்பம் இருந்தால் அரசு வழியில் அதற்கு இடமில்லை. விருப்பம் இல்லை, போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் இதைவிட மலிவான வழி கிடையாது.

அரசு வழியும் எப்போதும் வேகம் என்று சொல்ல முடியாது. ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தர 2021 அக்டோபரிலேயே இந்தியா முன்வந்தது. பாகிஸ்தான் வழியாகப் போக வேண்டியிருந்ததால் முதல் லாரிகள் எல்லையில் உள்ள அட்டாரியைக் கடந்தது 2022 பிப்ரவரி 22. இலங்கைக்கு நடுவில் வேறு நாடு இல்லை என்பது நமக்குள்ள பெரிய வசதி.

கூட்டுறவுக் கடைச் சீட்டு

இலங்கையில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. சங்கத்திடம் பணத்தைக் கட்டி, குடும்பத்துக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்து, சீட்டைக் காட்டிப் பொருள் வாங்கிக்கொள்ளச் செய்வது இந்த வழி. லாரி, புகை, துறைமுகம் எதுவும் இல்லை. அரிசி வேண்டியவர் அரிசியும், மா வேண்டியவர் மாவும், குழந்தை உள்ள வீடு பருப்பும் எடுப்பார்கள். பணம் அந்த ஊர்க் கடையிலும் அந்த ஊர் விவசாயியிடமும் சுற்றும்.

இதில் கவிழும் இடம் ஒன்று உண்டு. சீட்டில் "5,000 ரூபாய்" என்று எழுதிவிட்டு மூன்று மாதத்துக்கு அதையே கொடுத்தால், 2022 போன்ற ஆண்டில் மூன்றாம் மாதம் அந்தச் சீட்டுக்குக் கிடைக்கும் பை சிறுத்துப் போயிருக்கும். சீட்டில் பொருளை எழுத வேண்டும்: அரிசி அல்லது மா 20 கிலோ, பருப்பு 4 கிலோ, எண்ணெய் 2 லிட்டர் என்று. விலை ஏறினால் வித்தியாசத்தைச் சங்கத்துக்கு நாம் கட்டுகிறோம். அதற்காக வசூலில் மூன்றில் ஒரு பங்கை முதலில் தொடாமல் வைத்திருக்க வேண்டும். மாற்று மதிப்பு வேறு இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 சொச்சமாக இருந்த இலங்கை ரூபாய் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் மாதா மாதம் அனுப்பியவர்களுக்கு அது ஓரளவு ஈடுகட்டியது.

போலிச் சீட்டைத் தடுக்க வரிசை எண்ணும், கிராம அலுவலர் பட்டியலில் உள்ள குடும்ப எண்ணும் போதும். கடைக்காரர் சீட்டுக்குப் பதில் காசு கொடுத்துக் கமிஷன் பிடிப்பதுதான் வழக்கமான தில்லுமுல்லு. மாதம் இருபது வீட்டைத் திடீரென்று விசாரித்தால் வெளியே வந்துவிடும்.

இங்கிருந்து பணம் போகும் வழியும் பார்க்க வேண்டும். தனிநபர் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். அறக்கட்டளை அப்படிச் செய்ய முடியாது. அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வருமான வரி விலக்கு தானாக வராது, தனி அனுமதி வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் வசூல் உண்டியல் திறக்க வேண்டாம்.

உரமும் அடுப்பும்

உரம் கொடுத்தால் அடுத்த போகத்தில் அவர்களே விளைத்துக்கொள்வார்கள் என்ற வாதம் சரியானது. 2022 ஜூலையில் இந்தியா 44,000 டன்னுக்கு மேல் யூரியாவை இலங்கைக்குக் கடன் உதவியில் கொடுத்தது அதற்காகத்தான். ஆனால் இது அரசு செய்ய வேண்டிய காரியம். மானிய யூரியாவை நம் சங்கம் மூட்டை கட்டி ஏற்ற முடியாது. விதை நெல்லும் வேண்டாம். தாவரத் தடுப்புச் சோதனையில் மாதக்கணக்கில் நிற்கும், அந்த மண்ணுக்கு ஏடிடி ரகம் எப்படி வரும் என்பதும் தெரியாது.

பொது அடுப்பு நகரத்துக்கு நல்லது. வீட்டில் எரிவாயு இல்லாதபோது நூறு பேருக்கு 15 கிலோ அரிசி, 4 கிலோ பருப்பு, ஒரே விறகடுப்பு என்று முடிந்துவிடும். கிராமத்தில் ஒரு வேளைச் சோற்றுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து வர மாட்டார்கள்.

பால் பவுடரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தேநீருக்குப் பால்மா வேறு, கைக்குழந்தைக்குப் பால் பவுடர் வேறு. கொதித்த தண்ணீரும் எரிபொருளும் இல்லாத வீட்டுக்குக் குழந்தைப் பால் டின்னைப் பொதுவாகப் பங்கிடுவது வயிற்றுப்போக்கைப் பங்கிடுவதாகிவிடும். தாய்ப்பால் நின்றுபோகவும் அதுவே காரணமாகும். மருத்துவமனை கேட்டால் மட்டும், அவர்கள் கையில்.

எந்த மாதம்?

பெரும்போகம் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். சிறுபோகம் ஆகஸ்ட், செப்டம்பரில். இலங்கைக்கு இலவச அரிசி போய் இறங்கக் கூடாத மாதங்கள் இவை. சம்பா அறுவடை நேரத்தில் வெளி மாநில அரிசி வந்து இறங்கினால் இங்கே கமிஷன் மண்டியில் என்ன நடக்கும் என்பதை டெல்டா விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. ஹைதியில் அதுதான் நடந்தது. மலிவான அமெரிக்க அரிசியால் அந்நாட்டு நெல் விவசாயிகள் நொடித்துப் போனதற்குத் தன் அரசின் கொள்கையே காரணம் என்று முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் 2010இல் செனட் குழு முன் வருத்தம் தெரிவித்தார். அரிசி அனுப்புவதானால் நவம்பர் முதல் ஜனவரி நடுவரை அல்லது மே முதல் ஜூலை வரை கைக்குக் கிடைக்கும்படி கணக்கிட வேண்டும். முடிவெடுத்த நாளிலிருந்து பங்கிடும் நாள்வரை, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசியில் கூட்டம் போட்டு அரிசி என்று தீர்மானித்தால் அது சிறுபோக அறுவடையின் தலையில் போய் இறங்கும். அந்த மாதத்தில் சீட்டுதான்.

மண்டபத்தில் ஏற்கெனவே குவிந்துவிட்ட அரிசியை என்ன செய்வது? பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி, இட்லி அரிசி எல்லாம் ஐந்து கிலோப் பையாகக் கலந்து கிடக்கும். அதைச் சாக்கில் கொட்டிக் கப்பலேற்ற வேண்டாம். ரேஷன் அரிசியை விற்பதும் கடத்துவதும் குற்றம், அதை முதலில் பிரித்து உள்ளூர் அன்னதானத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துவிடுங்கள். மீதியை வகை பிரித்து, எடை போட்டு, கொடுத்தவர்கள் முன்னிலையில் ஆலைக்கோ மண்டிக்கோ அன்றைய விலைக்கு விற்று, ரசீதை மண்டப வாசலில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அந்தத் தொகைக்கு எத்தனை சீட்டு, எந்த ஊர்க் கடையில் என்பதையும் ஒட்டிவிட்டால், அரிசி கொடுத்த வீட்டுக்காரர் வந்து படித்துப் பார்த்துக்கொள்வார்.